என் வீட்டுக்காரர் காய்ச்சிய குரக்கன் கஞ்சி

பிள்ளைக்காம்பராவில் பிள்ளையை விட்டுவிட்டு மலைக்கு ஓடவேண்டிய அவசரத்திலும் தாய்மார் நின்று கேட்கிறார்கள், "அக்கா, ஒங்களுக்கு என்னதாங்க நடந்துச்சு?" ஒருத்திக்குச் சொல்லி முடிப்பதற்குள் அடுத்தவள் வந்து முதலிலிருந்து கேட்கிறாள். என் நோயைப் பற்றி என்னைவிட விவரமாகப் பேசுகிறவர்களும் தோட்டத்தில் இருக்கிறார்கள். புற்றுநோய் என்றார்கள், செய்வினை என்றார்கள், புருஷன் சரியாகச் சாப்பாடு போடவில்லை என்றும் ஒரு கதை என் காதுக்கு வந்தது. முதல் இரண்டையும் சிரித்துத் தள்ளினேன். மூன்றாவதைக் கேட்டபோது எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அதற்காகவே இதை எழுதுகிறேன்.

என் பெயர் புஷ்பா. றொசல்லைக்கு மேலே உள்ள ஒரு தோட்டத்தில் பிள்ளைக்காம்பராவுக்குப் பொறுப்பாக இருக்கிறேன். கொழுந்தெடுக்கப் போகிறவர்களின் கைக்குழந்தைகள் பகல் முழுக்க என்னோடுதான். வீட்டுக்காரர் சந்திரனுக்குத் தோட்டத்துத் தேயிலை ஃபெக்டரியில் கொழுந்தைக் காயவைக்கும் டிரையர் பக்கம் வேலை. ஒரே மகள் திவ்யா சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள்.

எங்கள் வரிசை வீடுகள் இருக்கும் லயத்திலிருந்து பிள்ளைக்காம்பராவுக்கு ஏறும் பாதையில் ஒரு பெரிய கல் இருக்கிறது. அந்தக் கல்லில் உட்கார்ந்து மூச்சு வாங்கத் தொடங்கியதுதான் ஆரம்பம். பிறகு வயிறு. சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் உப்பிக்கொள்ளும், முறுக்கும், ஓடவைக்கும். ரவிக்கை ஒவ்வொன்றாகத் தைத்துச் சின்னதாக்கினேன். "அக்கா இப்ப மெலிஞ்சு அழகாயிட்டீங்க" என்று ஒருத்தி சொன்னாள். அவளைத் தள்ளிவிடக்கூடக் கையில் தெம்பில்லை.

தோட்டத்து மருந்துக்கடையில் வயிற்றுப் பூச்சிக்கு மருந்து கொடுத்தார்கள். வாயு என்றார்கள், கேஸ்டிரிக் என்றார்கள். ஒரு நாள் பிள்ளைக்குப் பால் கலக்கும்போது கண் இருட்டி விழுந்துவிட்டேன். நல்ல காலம், கையில் பிள்ளை இல்லை. அதை நினைத்தால் இப்போதும் உள்ளங்கை வியர்க்கிறது.

ஆஸ்பத்திரியில் இரத்தம் சோதித்தார்கள். ஹீமோகுளோபின் என்று ஒன்று இருக்கிறது. நாம் இழுக்கும் மூச்சை உடம்பெல்லாம் கொண்டுபோய்ச் சேர்ப்பது அதுதான். எனக்கு அது பாதிக்கும் கீழே போயிருந்தது. இரத்தம் ஏற்றினார்கள். ஏற்றியதும் கொஞ்ச நாள் நன்றாக இருப்பேன். பிறகு பழையபடி வடிந்துபோகும். இரத்தம் எங்கே போகிறது என்று யாருக்கும் தெரியவில்லை. கடைசியில் கண்டிக்கு அனுப்பினார்கள்.

கண்டியில் காத்திருக்கும் மண்டபத்தைப் பற்றித் தனியாகவே எழுதலாம். விடியற்காலை பஸ் பிடித்துப் போய் வாங்கில் உட்கார்ந்தால் வெயில் சுவரில் ஏறி இறங்கும். நம்பரைச் சிங்களத்தில் வேகமாகக் கூப்பிடுவார்கள். எனக்குச் சிங்களம் நன்றாகவே வரும், ஆனாலும் பயத்தில் நம்பர் மறந்துவிடும். சந்திரன் பக்கத்தில் நின்றுகொண்டே இருப்பார், இடம் கிடைத்தாலும் உட்காரமாட்டார். ஃபெக்டரியில் நின்றே பழகியவர்.

வாய் வழியாகக் கமெரா வைத்த குழாயை வயிற்றுக்குள் விட்டுப் பார்த்தார்கள். தொண்டையில் மரத்துப்போகச் செய்யும் மருந்தை அடித்துவிட்டு விழுங்கச் சொன்னார்கள். வலி என்று பெரிதாக இல்லை, மூச்சு முட்டிச் செத்துவிடுவோம் என்ற நினைப்புத்தான். சிறுகுடலிலிருந்து நுள்ளி எடுத்த சதைத் துணுக்கைச் சோதிக்க அனுப்பினார்கள். ஓர் இரத்தப் பரிசோதனையைக் கொழும்புக்கு அனுப்பி வெளியே செய்யவேண்டியிருந்தது. அதற்கான செலவைத் திவ்யாவின் டியூசனை நிறுத்தித்தான் சமாளித்தோம். அவள் தானாகவே வந்து சொன்னாள், "சயன்ஸ் எனக்கு வெளங்குதும்மா, டியூசன் வேணாம்." விளங்கவில்லை என்று எனக்குத் தெரியும்.

டொக்டர் ஒரு சிங்களப் பெண். என்னைவிட வயது குறைவு. தமிழ் பேசியே தீருவேன் என்று பிடிவாதமாகப் பேசுவார். என் நோய்க்குப் பெயர் சீலியாக் என்றார். நம் சிறுகுடலின் உள்பக்கம் துவாய்த் துணி மாதிரி நூல் நூலாக இருக்குமாம். சாப்பாட்டில் உள்ள சத்தை உறிஞ்சுவது அந்த நூல்கள்தான். கோதுமையில் ஒரு பசை உண்டு. அது உள்ளே போனால் சிலருடைய உடம்பு எதிரி வந்துவிட்டான் என்று நினைத்துத் தன் குடலையே தாக்கும். நூலெல்லாம் உதிர்ந்து துவாய் வழுவழுப்பாகிவிடும். பிறகு என்ன தின்றாலும் ஒட்டாது.

"மருந்து இல்ல அம்மா," என்றார். "கோதுமை நிப்பாட்டுறது, அதுதான் மருந்து. ரொட்டி, பாண், பணிஸ், பிஸ்கட், ஒண்ணும் வேணாம். கொஞ்சமும் வேணாம். தூள் அளவும் வேணாம்."

தோட்டத்துக்காரியிடம் ரொட்டி தின்னாதே என்று சொல்வது லேசா? எங்கள் லயத்தில் விடிந்தால் ஒவ்வொரு வீட்டிலும் ரொட்டி தட்டும் சத்தம் கேட்கும். பெரட்டுக்கு, அதாவது காலையில் ஆட்களை வேலைக்குப் பிரிக்கும் இடத்துக்கு, ரொட்டியைச் சுருட்டிக் கையில் பிடித்துக்கொண்டே போகிறவர்கள் நாங்கள். நான் பால் மறந்ததே ரொட்டியைப் பிய்த்துச் சாயத்தண்ணியில், வெறுந்தேநீரில், தொட்டுக் கொடுத்துத்தான் என்று அம்மா சொல்லியிருக்கிறார். நாற்பது வருடமாக என்னை வளர்த்த சாப்பாடு என்னை அரித்துக்கொண்டிருந்திருக்கிறது. பஸ்ஸில் வரும்போது எனக்கு அழுகையைவிட ஆத்திரம்தான் வந்தது.

அன்றைக்கே சந்திரன் கோதுமை மா டின்னைத் தூக்கிப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டார். ரொட்டிக் கல்லும் போயிற்று. திவ்யா தன் ரொட்டியைச் சித்தி வீட்டில் சாப்பிட்டுவிட்டுக் கை வாய் கழுவிக்கொண்டுதான் வீட்டுக்குள் வருவாள். காலைச் சாப்பாடு இனி தன் பொறுப்பு என்று சந்திரன் சொன்னார். அதுவரை அவர் அடுப்பில் கைவைத்தது பீடி பற்றவைக்கக் கொள்ளிக்கட்டை எடுக்க மட்டும்தான்.

ஆனால் வறுக்கத் தெரிந்தவர். டிரையரில் நிற்கிறவருக்கு மூக்குத்தானே முதல். குரக்கன் என்கிற கேழ்வரகைக் கல் போக அரித்துக் காயவைப்பார். சிவப்பரிசி, தினை, பயறு, கொஞ்சம் சோளம். ஒவ்வொன்றையும் தனித்தனியாக இரும்புச் சட்டியில் போட்டு வறுப்பார். வாசம் மாறும் நேரத்துக்கு ஒரு நொடி முன்னால் இறக்கிவிடுவார். ஆறவைத்து, சுளகில் புடைத்து, ஹட்டனுக்குக் கொண்டுபோய் மில்லில் அரைத்து வருவார். காலையில் அந்த மாவைப் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, கொதிக்கிற தண்ணீரில் ஊற்றி, கைவிடாமல் கிண்டுவார். மண்ணிறம் கறுத்துப் பளபளப்பு வரும்போது தேங்காய்ப்பால், ஒரு கல் உப்பு. கித்துள் கருப்பட்டித் துண்டு பக்கத்தில். குளிருக்கு அந்தச் சூடான கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு குடித்தால் வயிறு வரை இதமாக இறங்கும்.

முதல் தடவை அரைத்த மாவில் மட்டும் மிளகாய்க் காரம். முன்னால் யாரோ மிளகாய் அரைத்திருக்கிறார்கள்.

"கஞ்சியா, ரசமா?" என்று கேட்டேன்.

அவருக்கு ரோசம் வந்துவிட்டது. ஃபெக்டரியில் ஒரு தரத் தேயிலை முடிந்து அடுத்த தரம் ஓட்டும் முன் மெஷினைக் கூட்டித் துடைக்காவிட்டால் ஆளைத் தொலைத்துவிடுவார்கள். அந்தப் பழக்கத்தில் மில்லுக்காரர் றிஸ்வான் நானாவிடம் போய் நின்று பேசியிருக்கிறார். நானா நல்ல மனிதர். நோயாளிக்கு என்றதும் வரிசையில் நின்றவர்களை நிறுத்தி, எங்களுக்காக மெஷினைச் சுத்தம் பண்ணித்தான் அரைக்கத் தொடங்கினாராம். அதன் பிறகு மாவில் ஒரு பொட்டுக் காரம் இல்லை. சந்திரன் மாப் பையைத் திறந்து என் மூக்குக்கு நேரே நீட்டினார்.

"மோந்து பாரு. நம்ம மெஷினே தோத்துப்போகும்," என்றார்.

ரொட்டியை நிறுத்திய ஆரம்பத்தில் உடம்பு கொஞ்சம் தேறியது. கல்லில் உட்காராமல் மேலே ஏறினேன். அது நிலைக்கவில்லை. மறுபடியும் வயிறு, மறுபடியும் மூச்சு. தெம்பு வரட்டும் என்று சந்திரன் மத்தியானத்துக்கும் கஞ்சியைப் போத்தலில் ஊற்றித் தந்தார், பிறகு ராவுக்கும். நானும் குடித்தேன். வேறு எதைத் தொடவும் பயமாக இருந்தது, அது ஒன்றுதான் நம்பிக்கையான சாப்பாடு. குடிக்கக் குடிக்க மெலிந்தேன்.

மறுபடியும் கண்டியில் வாட்டில் படுக்கவைத்தார்கள். இரத்தத்தில் அந்த நோயின் அளவு இறங்கவே இல்லை. டொக்டர் கட்டிலோரம் வந்து உட்கார்ந்தார். உட்கார்ந்து பேசும் டொக்டரைக் கண்டால் பயப்பட வேண்டும் என்று அந்த வாட்டில் எல்லாருக்கும் தெரியும்.

"ரெண்டு காரணம்தான் இருக்கலாம் அம்மா," என்றார். "ஒண்ணு, எங்கயோ கோதுமை போகுது. இல்லாட்டி குடல்ல வேற வருத்தம். ஸ்கேன் பண்ணிப் பாக்கணும்."

வேறு வருத்தம் என்றால் என்ன என்று கேட்டேன். மறைக்காமல் சொன்னார். இந்த நோய் அடங்காமல் இருந்தால் அபூர்வமாகச் சிலருக்குக் குடலில் ஒருவகைப் புற்றுநோய் வருமாம். சிலருக்குத்தான் என்று இரண்டு தடவை சொன்னார். எனக்கு இரண்டாவது தடவை காதில் விழவில்லை. திவ்யாவுக்கு யார் தலை பின்னுவார்கள் என்றுதான் முதலில் ஓடியது. அவள் தானாகப் பின்னத் தொடங்கி வருடக் கணக்காகிறது. மனம் அந்த நேரத்தில் அப்படித்தான் கிறுக்குத்தனமாக ஓடும்.

கோதுமை எங்கே போகிறது? படுத்தபடி ஒவ்வொன்றாக யோசித்தேன். மா இல்லை, பாண் இல்லை, பிள்ளைக்காம்பராவில் பிஸ்கட் கொடுக்கும் வேலையைக்கூட மற்ற ஆயாவிடம் விட்டிருந்தேன். ஒன்றுமே போகவில்லை. அப்படியானால் மற்றதுதான். இந்தக் கணக்கைத் திருப்பித் திருப்பிப் போட்டுப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் அதே இடத்தில் வந்து நின்றது.

பக்கத்துக் கட்டிலில் பூண்டுலோயாவிலிருந்து வந்த ஒரு அம்மா இருந்தார். பார்க்க வருகிறவர்கள் கொண்டுவருவதை எல்லாக் கட்டிலுக்கும் பங்கு வைப்பார். வேண்டாம் என்றால் முகம் சுருங்கிவிடும். அவர் தந்த பணிஸ் ஒன்றை வாங்கி, கடதாசியோடு அலுமாரித் தட்டில் வைத்திருந்தேன். பார்க்க வரும் பிள்ளைகள் யாருக்காவது கொடுக்கலாம் என்று எண்ணம். மத்தியானம் பார்வை நேரத்தில் சந்திரன் கஞ்சிப் போத்தலை வைக்க அலுமாரியைத் திறந்தார். பணிஸைக் கையில் எடுத்தார். அதில் ஒரு மூலை பிய்ந்திருந்தது.

"இது என்ன புஷ்பா?"

"பக்கத்துக் கட்டில் அம்மா குடுத்தாங்க. நான் தொடல."

"பிஞ்சிருக்கே."

"அப்பிடித்தான் குடுத்தாங்க."

அவர் என் வாயைப் பார்த்தார். கண்ணைப் பார்க்கவில்லை, வாயைப் பார்த்தார். "ரொட்டி ஆச வந்து அங்கங்க தின்னியா? சொல்லிரு. கோவிச்சுக்க மாட்டேன்," என்றார், கெஞ்சுகிற குரலில்.

"இல்லங்க," என்றேன். என்னைச் சாவு பிடித்திருக்கிறதோ என்று நான் கிடக்கிறேன், இவர் என்னைத் திருட்டுத் தீனி தின்கிறவளாக்கிவிட்டார். அவர் தலையாட்டிவிட்டு வெளியே போனார். கதவோரம் நின்று வாட்டு நர்ஸ் மிஸ்ஸிடம் அவர் எதையோ தாழ்ந்த குரலில் சொல்வதையும், மிஸ் என் பக்கம் திரும்பிப் பார்ப்பதையும் கட்டிலிலிருந்தே கண்டேன். கலியாணமான இத்தனை வருடத்தில் அவர்மேல் எனக்கு அப்படி ஒரு வெறுப்பு வந்ததில்லை.

மறுநாள் டொக்டர் எங்கள் இருவரையும் தன் அறைக்குக் கூப்பிட்டார். ஸ்கேனுக்கு நாள் குறித்திருந்தது. அதற்கு முன் கடைசியாக ஒரு தடவை கேட்கிறேன் என்றார்.

"அம்மா, திட்ட மாட்டேன். பணிஸ் சாப்பிட்டதா? ஆம்னு சொன்னா எனக்குச் சந்தோசம். அப்ப மத்த வருத்தம் இல்லன்னு நெனைக்கலாம்."

பொய்யாகவாவது ஆம் என்று சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. ஆம் என்றால் எல்லாருக்கும் நிம்மதி, ஆனால் உள்ளே இருப்பது உள்ளேயே வளரும். "இல்ல டொக்டர். என் பிள்ள மேல சத்தியம்," என்றேன்.

டொக்டர் சந்திரனைப் பார்த்தார். நேற்று என்னைக் காட்டிக்கொடுத்த மனிதர், வேறொருவர் கேட்டதும் எனக்காக நிமிர்ந்துவிட்டார்.

"வீட்டுல ஒரு தப்பும் இல்லங்க டொக்டர். மா டின்னே இல்ல. மூணு வேளையும் நான் காய்ச்சுற குரக்கன் கஞ்சிதான். நானே அரிச்சு, நானே வறுத்து, மில்லுல கூடவே நின்னு அரைச்சு எடுக்கிறேன். அடுத்தவங்க மா ஒரு தூள் கலக்க விடுறதில்ல. மொளகா வாசம்கூட இருக்காது. எங்களுக்குன்னு நானா ரெண்டு பிடி போட்டு ஓட்டி, மெஷின சுத்தம் பண்ணிட்டுத்தான் அரைக்கிறாரு."

"என்ன ரெண்டு பிடி?" என்று கேட்டார் டொக்டர்.

"கோழிக்குப் போடுற கோதும..."

அவர் வாய் திறந்தபடியே நின்றது. அந்தச் சொல் அவர் வாயிலிருந்து வந்து அவர் காதிலேயே விழுவதை நான் பார்த்தேன். மில்லுகளில் அது வழக்கமாம். மிளகாய், மஞ்சள் அரைத்த பிறகு மலிவான தானியத்தை இரண்டு பிடி போட்டு ஓட்டினால் காரத்தை இழுத்துக்கொண்டு வந்துவிடும். அந்த மா மெஷின் வயிற்றிலும் துணிக்குழாயிலும் ஒட்டிக்கிடக்கும். அடுத்து விழும் மாவோடு சேர்ந்து வரும். மற்றவர்களுக்கு அந்தச் சுத்தம் கிடையாது. நோயாளிக்கு என்று கேட்டு வாங்கியதால் எனக்கு மட்டும் கிடைத்தது.

டொக்டர் எழுந்து ஒரு கிளாஸ் தண்ணீர் ஊற்றி, எனக்கல்ல, சந்திரனுக்குக் கொடுத்தார். பாதித் தண்ணீரை அவர் சட்டையிலேயே கொட்டிக்கொண்டார். எனக்குக் கோபம் வரவில்லை. இதுதான் காரணமாக இருக்கட்டும், கடவுளே, மற்றது இல்லாமல் இதுவாகவே இருக்கட்டும் என்று மட்டும் வேண்டிக்கொண்டேன்.

டொக்டர் ஸ்கேனைத் தள்ளி வைத்தார். சில மாதம் ஒரு துளி கோதுமை இல்லாமல் இருந்துவிட்டு இரத்தத்தைப் பார்ப்போம், அளவு இறங்கினால் கஞ்சிதான் காரணம், இறங்காவிட்டால் தேடித்தான் ஆகவேண்டும் என்றார். என் வாழ்க்கையில் நீளமான மாதங்கள் அவைதான்.

சந்திரன் வீட்டில் இருந்த மாவையெல்லாம் கொட்டினார். சட்டி, சுளகு, மாப் பை எல்லாம் புதிது. மில் பக்கமே போகவேண்டாம், முழுத் தானியமாகவே வேகவைக்கலாம் என்றேன். சிவப்பரிசி, தினை, தோலோடு பயறு ஆகியவற்றை முதல் நாளே ஊறப்போட்டு, காலையில் மண்சட்டியில் நிறையத் தண்ணீர் விட்டு, சிறு நெருப்பில் மணி மணியாக மசியும் வரை வேகவைக்க வேண்டும். குரக்கனைப் போலக் கொழகொழவென்று இறங்காது. பல்லில் அகப்படும், மென்று சாப்பிடவேண்டும். ஒரு கோப்பை சாப்பிட்டால் மத்தியானம் வரை பசி எட்டிப் பார்க்காது. ஆனால் சந்திரன் சட்டியைக் கிட்டே வந்து தொடவில்லை. விறகு கொண்டுவந்து போடுவார், தண்ணீர் எடுத்துவைப்பார், தள்ளி நிற்பார். நான் ஒவ்வொரு கரண்டி விழுங்கும்போதும் என்னையே பார்த்துக்கொண்டிருப்பார். "இப்பிடிப் பாத்தா எப்பிடி எறங்கும்?" என்று எரிந்துவிழுவேன்.

றிஸ்வான் நானாவிடம் அவரே போய்ச் சொல்லியிருக்கிறார். அடுத்த ஞாயிறு நானா பேரீச்சம்பழத்தோடு வந்தார். எவ்வளவு கூப்பிட்டும் உள்ளே வரவில்லை.

"நல்லது செய்யிறேன்னு நெனச்சேன் தங்கச்சி," என்றார் வாசலிலேயே நின்று.

"நல்லதுக்குத்தானே நானா செஞ்சீங்க," என்றேன். அதை மனதாரத்தான் சொன்னேன்.

வயிறு மெல்ல மெல்ல அடங்கியது. ஆனால் முன்பும் ஒரு தடவை இப்படித் தேறித்தானே விழுந்தேன்? சிரிக்கக்கூடப் பயந்தோம். திவ்யா பரீட்சை எழுதினாள். நான் மறுபடியும் பிள்ளைக்காம்பராவுக்குப் போனேன். சோதனைக்கு நான் இரத்தம் கொடுத்துவிட்டு வந்த பிறகு முடிவு வரும் வரை சந்திரன் சரியாகச் சாப்பிடவில்லை.

முடிவு பார்க்கப் போன அன்று டொக்டர் காகிதத்தைப் பார்த்துவிட்டு உட்காராமலே பேசினார். அதிலேயே எனக்குப் பாதி உயிர் வந்தது. அளவு நன்றாக இறங்கியிருக்கிறது, ஸ்கேன் தேவையில்லை, குடல் தானாக ஆறிக்கொள்ளும் என்றார். "ஐயா, கஞ்சி நல்லாக் காய்ச்சுங்க," என்று சந்திரனைப் பார்த்துச் சிரித்தார். அவர் கும்பிட்டார்.

ஹட்டன் பஸ்ஸில் ஜன்னலோரம் எனக்கு இடம் கிடைத்தது. கினிகத்தேனை தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. திரும்பிப் பார்த்தால் சந்திரன் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுகிறார். பஸ் முழுக்க ஆட்கள்.

"மில்லுல நடந்ததுக்கு நீங்க என்ன பண்ணுவீங்க? தெரிஞ்சா செஞ்சீங்க?" என்றேன் மெதுவாக.

"மில்ல விடு," என்றார். "நீ இல்லன்னு சொன்ன பெறகும் ஒன் வாயப் பாத்தேனே. மிஸ்கிட்ட போய்ச் சொன்னேனே."

அவருக்குச் சமாதானம் சொல்ல வாயெடுத்தேன். வரவில்லை. நன்றாகிவிட்ட சந்தோசத்தில்கூட அந்த இடம் மட்டும் வலித்தது. பொய் சொல்லவும் மனம் இல்லை.

"மில்லு விசயத்த அன்னைக்கே மறந்துட்டேன்," என்றேன். "இத மறக்க முடியலங்க. இன்னமும் கோவமாத்தான் இருக்கேன்."

அவர் துண்டை இறக்கி என் முகத்தைப் பார்த்தார். இந்தத் தடவை கண்ணைப் பார்த்தார்.

"இருந்துக்க புஷ்பா," என்றார். "எத்தன வருசம் வேணும்னாலும் கோவமா இருந்துக்க. கோவப்பட நீ இருக்கியே, எனக்கு அது போதும்."